திட்ட விலக்கம்

தார்த்து. விடுதியின் நான்காம் மாடி.
பதினொரு நாளாகத் திரைச்சீலையை விலக்கவில்லை.
வகுப்பில் நான் ஒரு கறுப்புக் கட்டம்.
"மாரிகா, இருக்கிறாயா?" என்பார் ஆசிரியர்.
இருக்கிறேன் என்று தட்டுவேன்.
பொய்யில்லை,
முழு உண்மையும் இல்லை.

இரவு ஒன்பதரைக்குப் பிரீடிக் அழைப்பான்.
"திட்ட விலக்கம், மறுபடி மறந்துபோச்சு."
மக்கு, முதலில் சராசரியைக் கண்டுபிடி.
ஒவ்வொன்றும் அதிலிருந்து
எவ்வளவு தள்ளி நிற்கிறது, பார்.
வர்க்கமாக்கு, கூட்டு…
"சாப்பிட்டாயா?"
ரொட்டி தீர்ந்துவிட்டது என்றேன் ஒருமுறை.
மறுநாள் கதவுப்பிடியில் ஒரு பை:
கறுப்பு ரொட்டி, உப்பிலிட்ட வெள்ளரி,
கிழிக்க மறந்த விலைச்சீட்டு.

ஏப்ரலில் ஆசிரியர் கைதவறி
மதிப்பெண் பட்டியல் முழுவதையும் குழுவில் போட்டுவிட்டார்.
புள்ளியியல்.
எனக்கு அறுபத்தொன்று.
பிரீடிக்குக்குத் தொண்ணூற்றெட்டு.

அன்றும் ஒன்பதரைக்கு மணி அடித்தது.
"அந்த விலக்கம் இருக்கே…" என்று இழுத்தான்.
எதுவும் கேட்கவில்லை நான்.
முதலில் சராசரி, என்று தொடங்கியபடி
சீலையை ஒரு கையகலம் நகர்த்தினேன்.

எதிர்க் கட்டடத்து ஜன்னலில்
போனைக் காதில் வைத்து
கவனமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்
கையில் தாளுமின்றி, பேனாவுமின்றி.