ஒரு பல் முந்தி

போலீசில் இருந்தீர்களா என்று கேட்பார்கள்.
இல்லை.
தீயணைப்பு? ஆம்புலன்ஸ்?
அதுவும் இல்லை. முப்பத்தோரு வருஷம்
விஸ்கான்சின் பால்பண்ணைகளில்
குளிர்தொட்டி பழுதுபார்த்தவன் நான்.
அப்புறம் எதற்கு இதெல்லாம் என்று
கராஜ் கூரையைக் காட்டுவார்கள்.
அங்கே பதினான்கு விளக்குத் தண்டுகள்
வௌவால் மாதிரி தலைகீழாய்த் தொங்கும்.
என்னிடம் பதில் இல்லை. சுவிட்சைப் போடுவேன்.
கேட்டவர் வாயடைத்துப் போவார்,
அல்லது என் மைத்துனன் போல
தலை சுற்றுகிறது என்று வெளியே ஓடுவார்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை
மாவட்டத் திடலின் மாட்டுக் கொட்டகையில் கூடுவோம்.
மங்கிய சிவப்பு மூடியைப் பற்பசையால் துலக்கும் ஹோபர்ட் க்ரென்ஸ்கே.
கண்ணைக் கட்டிவிட்டாலும்
மோட்டார் முனகுவதைக் கேட்டே வருஷம் சொல்லும் வெர்லா.
ஒரே ஒரு நீலக் கண்ணாடிக்காகக் கனடா வரை ஓட்டிப்போய்,
திரும்பும் வழியில் அது உடைய,
உடைந்ததையும் சட்டமிட்டு மாட்டியிருக்கும் ஆர்வில்.
எல்லோரும் விற்கத்தான் போகிறோம் என்று
வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள்.
யாரும் எதையும் விற்றதாய் எனக்கு நினைவில்லை.

இந்த வருஷம் எழுபத்தொன்றாம் வருஷத்து இரட்டைச் சுழலியைப்
பழைய ஸ்டேஷன் வேகன் தலையில் ஏற்றிப் போனேன்.
சாலையில் போகும்போது அதை மூடியாக வேண்டும், சட்டம்.
கூடாரத் துணியில் டீனா தைத்த உறை
திரும்பும்போது காற்றில் பிய்ந்து
எங்கோ ஒரு சோளக் காட்டுக்குப் போய்விட்டது.

மூன்று மைல் தாண்டவில்லை.
பின்கண்ணாடியில் வெட்டு வெட்டென்று
நீலம், வெள்ளை, நீலம்.
இந்தக் காலத்து எல்இடி.
அது வெளிச்சம் இல்லை, கண்ணுக்குள் ஸ்டேப்ளர் அடிப்பது.

சட்டைப் பெயர்ப்பட்டையில் பி. ஷியோங்.
இருபத்தைந்து வயதிருக்கலாம்.
உரிமத்தைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.
‘எரியுமா?’
‘எரியும். ஆனால் சாலையில் எரியவிடக் கூடாது.’
‘இது சாலை இல்லையே. ஓரம்.’
திரும்பிப் போய்த் தன் வண்டியின் விளக்குகளை அணைத்தாள்.

அப்போதுதான் தெரிந்தது
இருட்டிவிட்டது என்பதும்
பொடிப்பொடியாய்ப் பனி விழுகிறது என்பதும்.

போட்டேன்.
மோட்டார் தொண்டையைக் கனைத்தது.
சிவப்பு எழுந்து, அவசரப்படாமல்,
அறுத்த சோளத்தாளைத் தடவி
தகரக் கொட்டகையில் ஏறி இறங்கி
வேலியோரம் நின்ற கிடேரிகளின் கண்களை
ஒவ்வொரு ஜோடியாய் எண்ணிக்கொண்டு
எங்களிடம் வந்தது. போனது. வந்தது.
மினுக்கும் விளக்கு பாதி நேரம் செத்துப்போகிறது.
இது அணைவதே இல்லை,
வேறு யாரையோ பார்க்கப் போயிருக்கிறது,
அவ்வளவுதான்.
(இதைத்தான் கராஜில் சொல்லத் தெரியாமல்
இத்தனை வருஷம் சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தேன் போல.)

அவள் கழுத்துப்பட்டைக்குள் மோவாயைப் புதைத்தபடி
ரொம்ப நேரம் நின்றாள்.
‘இடது பக்கம் கொஞ்சம் முந்துகிறது.’

காலையிலிருந்து எழுபது பேர் பார்த்தார்கள்,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர்கள்.
ஒருவர் சொல்லவில்லை.
மார்ச்சில் சங்கிலி மாட்டியபோது ஒரு பல் தாண்டிவிட்டது.
நானும் யாரிடமும் சொல்லவில்லை.
‘ஒரு பல்,’ என்றேன்.
‘ம்,’ என்றாள்.

ரேடியோ கரகரத்தது. எங்கோ மான் மீது மோதிய கார்.
ஓடினாள், பாதியில் திரும்பி வந்தாள்,
அபராதச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தாள்.
மூடாத விளக்கு: நூற்றுப் பதினாறு டாலர் ஐம்பது சென்ட்.
பிறகு அந்த வெட்டும் நீலம்
மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கியது.

அணைத்தேன்.
கண்ணாடிகள் அரைச் சுற்று ஓடி நின்றன,
வலது அவள் போன மேட்டைப் பார்த்து.
இடது ஒரு பல் தள்ளி
மாடுகளைப் பார்த்து.

கோட்டைக் கழற்றி விளக்கின் மேல் கட்டினேன்.
வீடு வரை ஹீட்டர் வேலை செய்யவில்லை.