குவளையில் ஒரு வாய்

அறுபத்தேழு, செப்டம்பர், கண்டாங் கெர்பாவ்.
நடைவழியிலும் கட்டில் போட்டிருந்த காலம்.
நீ மூன்று மணி நேரம் இருந்தாய்.
எட்டடி தூரத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

யார் வேண்டுமானாலும் ஊற்றலாமாம், பிறகுதான் தெரிந்தது.
வேதக்காரராக இருக்க வேண்டியதில்லை,
கொஞ்சம் தண்ணீர், ஒரு வாக்கியம், மனசு.
சீன மிஸ்ஸி ஊற்றியிருக்கலாம்.
பக்கத்துக் கட்டில் ஹமீதா ஊற்றியிருக்கலாம்.
மிஸ்ஸி ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்தாள்.
எனக்குத் தாகம்.
குடித்துவிட்டேன்.

உன் அப்பா சூசைநாதன் தஞ்சோங் பகாரிலிருந்து
இரவு வேலை முடிந்து எண்ணெய்க் கையோடு வந்தார்.
ஓஃபிர் ரோட்டுச் சாமியார் நல்லவர்தான்,
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
நரகம் இல்லையம்மா, பயப்படாதே.
மோட்சமும் இல்லை.
லிம்போ.
வலி இருக்காது, அழுகை இருக்காது,
ஆண்டவர் முகம் மட்டும் தெரியாது.

நான் கேட்கவில்லை:
என் முகம்?

பிடாடாரியில் வேலியோரம் ஒரு முழ மண்.
சிலுவை கிடையாது. பதிவேட்டில்
'சூசைநாதன், ஆண் சிசு'.
பிடாடாரி என்றால் தேவதை என்று
மீன் விற்கிற மாக்சிக் ஒருநாள் சொன்னபோது
மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு நடந்தேன்.

லிம்போ எப்படியிருக்கும் என்று எவரும் சொல்லவில்லை.
நானே கட்டினேன்.
தோ பாயோவில் எங்களுக்கு வீடு கிடைத்தபோது
அதே மாதிரி ஒன்று உனக்கும்:
ஒன்பதாவது மாடி, நீண்ட நடைபாதை,
எந்நேரமும் எரியும் விளக்கு, பூட்டாத கதவுகள்.
அம்மாக்கள் மட்டும் இல்லை.
பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்து
லிஃப்ட் வரும் சத்தத்தைக் கேட்பார்கள்.
ஆறு வயதில் உனக்குச் சீருடை அனுப்பினேன்,
பதினெட்டில் ராணுவ பூட்ஸ்.
உன் தங்கை பிலோமினாவுக்கு இது தெரியாது.
அவளுக்குப் பிறந்த மூன்றாம் நாளே,
காய்ச்சலோடு, தலையில் தண்ணீர்.

இரண்டாயிரத்து ஒன்றில் தாளில் அறிவிப்பு:
கல்லறைகளைத் தோண்டுகிறோம், உரியவர் வரலாம்.
கவுன்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் கேட்டான்,
பெயர்? எண்?
பெயர் வைக்கவில்லை தம்பி.
கணினி அந்தப் பதிலை ஏற்கவில்லை.
யாரும் கோராதவற்றை எரித்துக்
கடலில் தூவிவிடுவார்கள் என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

ஆறு வருஷம் கழித்து லிம்போவையும் தோண்டினார்கள்.
ரோமாபுரியில் ஓர் அறிக்கையாம்.
ஞாயிறு தமிழ்ப் பூசை முடிவில், இளைய சாமியார்,
கார் நிறுத்துமிடத்துக்கும் பிரியாணி டிக்கெட்டுக்கும் நடுவில் சொன்னார்:
திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகளும்
மீட்படைவார்கள் என்று நம்ப இடமிருக்கிறது.
ஞானஸ்நானம் திருமுழுக்காகி,
மோட்சம் விண்ணகமாகி வெகுநாளாயிற்று.
சொற்கள் முன்னமே குடிமாறிவிட்டன, ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

வாசலில் நிறுத்திக் கேட்டேன், உறுதியா சாமி?
நேர்மையான பிள்ளை. நம்பிக்கைதான் அம்மா, என்றார்.
லிம்போ எப்போதும் ஒரு கருத்துதான்,
விசுவாசக் கட்டளையாக இருந்ததே இல்லை, என்றார்.

கட்டளையே இல்லாத ஒன்றிலா
நாற்பது வருஷம் விளக்கை எரியவிட்டேன்?

சூசைநாதன் சந்தோஷத்தில் அழுதார்.
எனக்குக் கோபம்.
அப்புறம் கோபம்கூட இல்லை, வீடு மாறுகிறவள் கவலை:
ஒன்பதாவது மாடியில் இருந்தவர்களை
யார் கைபிடித்து இறக்கினார்கள்?
லிஃப்டில் இடம் போதியதா?
எங்கே போகிறோம் என்று உன் பாஷையில் சொன்னார்களா?
உனக்குப் பாஷையே இல்லையே.

உன்னைத் தூவியவன் யாரோ.
நம் வேதமாக இருக்காது.
படகு விளிம்பில் குனிந்து
ஒன்றும் சொல்லாமல் கொட்டியிருப்பான்,
மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு.
ஒரு மனிதன் இருந்தான். தண்ணீர் இருந்தது.
மிச்சத்தை நான் எந்தச் சாமியாரிடமும் கேட்கப் போவதில்லை.

பிடாடாரியில் இப்போது புது வீடுகள்.
பிலோமினா அங்கேதான் வாங்கியிருக்கிறாள், பதினோராவது மாடி.
சாப்பிட்டு எழும்போது திட்டுகிறாள்:
எப்பப் பாரு மிச்சம் வைக்கிறே.
ஒரு வாய்த் தண்ணிதானேம்மா,
குடிச்சிடேன்.