ஒப்பந்தத்தில் இல்லாத வரி

ஹெலினாவில் ஜூன் கடைசியில்
ஒன்பதரை மணிக்கும் வானம் அணையாது.
காட்டன்வுட் மரத்துப் பஞ்சு
கார் நிறுத்துமிடத்தில் உருண்டுகொண்டிருந்தது.
எங்கள் அலுவலகக் கதவு திறக்கும்போதெல்லாம்
அதுவும் ஓர் ஊழியர்போல உள்ளே வந்தது.

எழுநூற்றுப் பன்னிரண்டு பக்க டெண்டர்.
நான்தான் எழுதினேன்.
ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக் கணினியை
ஐந்தாண்டு பராமரிக்க யார் வருகிறீர்கள் என்று
அத்தனை பக்கத்தில் கேட்டிருந்தேன்.
நூற்றுநாற்பது கேள்விகள் திரும்பி வந்தன.
அறுபத்து மூன்றாவது:
'இந்த நிரல்தொகுதி என்ன செய்கிறது?'
'ஆவணத்தைப் பார்க்கவும்' என்று பதில் எழுதினேன்.
ஆவணம் கிடையாது.
அதைக் கேட்டவர்கள்தான் தோற்றுப்போனார்கள்.

ஜெயித்தவர்கள் எதையும் கேட்கவில்லை.
நாற்பது லட்சம் டாலர் குறைவு.
விலைக்கென்று நான் ஒதுக்கிய நாற்பது மதிப்பெண்ணும்
அப்படியே அவர்களுக்கு.

முப்பதாம் தேதி மாலை
பதினொரு பேர் நீல அட்டையைக் கழற்றிவைத்தார்கள்.
பத்துப் பேருக்குப் பச்சை அட்டை கிடைத்தது.
அதே நாற்காலி, அதே காபிக் கறை,
கழுத்தில் மட்டும் வேறு முதலாளி.
பதினோராவது ஆள் ரொவீனா ஸ்டென்ஸ்ரூட்.
விலைப்பட்டியலில் அவள் அடங்கவில்லை.
தன் கள்ளிச்செடியைத் தூக்கிக்கொண்டு
பஞ்சு நடுவே நடந்து போனாள்.
நள்ளிரவில் கணினி கைமாறியது.

இரண்டு மணி பத்து நிமிடம்.
இருநூற்றுப் பதினான்கு பேரைக் காணவில்லை.
யாருக்கும் வயது அறுபது நாளைத் தாண்டாது.
யாருக்கும் பெயர் கிடையாது:
'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை',
'பெண் குழந்தை, இரண்டாவது'.
தாயின் எண்ணுக்குள் சுருண்டு படுத்திருந்தவர்கள்.
மைல்ஸ் சிட்டியில் மஞ்சள் காமாலையோடு
நீல விளக்கின் கீழ் கிடந்த ஒருத்தியைப் பற்றித்
திரை சொன்னது: அப்படி யாரும் இல்லை.

பச்சை அட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.
நிரலில் 1991இல் யாரோ விட்டுப்போன ஒரே குறிப்பு:
'இதைத் தொடாதே. ஆர்லனைக் கேள்.'
ஆர்லனைக் கேட்கக் கல்லறைக்குத்தான் போகவேண்டும்.
ஒப்பந்தத்தைப் புரட்டினேன்.
தாமத அபராதம், மணிக்கு இவ்வளவு: பக்கம் 388.
ரகசியக் காப்பு: 402.
விலகிய ஊழியரோடு பேசக்கூடாது: அடுத்த பக்கம்.
எல்லாம் என் வாக்கியங்கள்.
என் அரைப்புள்ளிகள்.

ரொவீனாவைக் கூப்பிட்டேன்.
மூன்றாவது ரிங்கில் எடுத்தாள்.
நடந்ததைச் சொன்னேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை.
அவளும் எனக்குப் பதில் சொல்லவில்லை.
போனை மேசைமேல் வைக்கும் சத்தம்.
பிறகு தன் நாயிடம் பேச ஆரம்பித்தாள்.

"கேளடா பிஸ்கட்,
தாயின் எண்ணுக்குப் பின்னால்
ஓர் இடம் காலியாக விடவேண்டும்.
பூஜ்யம் போடக்கூடாது, காலி.
பூஜ்யம் போட்டால்
அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை என்று
அது எடுத்துக்கொள்ளும்.
வாலை ஆட்டாதே, எழுதிக்கொள்."

நான் எழுதிக்கொண்டேன்.

நாலே முக்காலுக்கு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்,
ஆண் குழந்தை, பெண் குழந்தை, ஆண் குழந்தை.
மலைப்பக்கம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.
யாரோ பச்சை அட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை பதினைந்தில் முதல் பில் வந்தது.
அவசரத் திருத்தம், முப்பத்தெட்டு மணிநேரம்.
அபராதத்தைக் கழித்தேன்,
வரி வரியாகச் சரிபார்த்தேன்.
கூட்டல் சரியாகத்தான் இருந்தது.
நாய்க்கென்று எந்த வரியிலும்
ஒரு சென்ட்கூட இல்லை.