இடது கை, மணிக்கட்டு

சலாலாவில் கரீஃப் தொடங்கி ஒன்பதாம் நாள்.
வளைகுடா முழுக்க வேகும்போது
இந்த ஒரு ஊர் மட்டும்
பிழியாத துவாய் போலக் கிடக்கிறது.
றியாத்திலிருந்து குடும்பம் குடும்பமாய்க் காரில் வருகிறார்கள்,
மழையில் நனைய.
எல்லைப் பக்கமிருந்து அம்புலன்சில் வந்தவன்
ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

பெயர் நஷ்வான்.
வயது பத்தொன்பது என்கிறான்.
காகிதம் ஒன்றும் இல்லை.
அதனால் எலும்பைக் கேட்கச் சொல்லி
மேலிடத்திலிருந்து சீட்டு வந்திருக்கிறது:
இடது கை, மணிக்கட்டு, ஒரு படம்.

வலது கையைக் கேட்காதது நல்லது.
அதில் மூன்று விரல்தான் மிச்சம்.

ஈய அங்கியைக் கட்டிவிட்டேன்.
மற்றவர்களுக்கு முழங்காலில் நிற்பது
அவனுக்குக் கணுக்காலைத் தொட்டது.
பாரமா என்றேன்.
இதைவிடப் பாரமானதெல்லாம் தூக்கியிருக்கிறேன் என்றான்,
கொஞ்சம் பெருமையாகவே.
குரல் நடுவில் உடைந்து கீச்சிட்டது;
இருமி மறைத்தான்.

கைதானே, மூச்சு விடலாம், என்றேன்.
அப்படியும் அடக்கிக்கொண்டே இருந்தான்.

திரையில் கை வந்தது.
கூழாங்கற்களைப் போல எட்டுச் சின்ன எலும்புகள்.
அதற்குக் கீழே, ஆரை எலும்பின் நுனியில்,
நகக்கீறல் அகலத்தில் ஒரு கறுப்புக் கோடு.
இன்னும் மூடவில்லை.
பதினான்கு.
கூட்டிச் சொன்னாலும் பதினைந்து.

எட்டிப் பார்த்தான். அது முறிவா?
முறிவில்லை. நீ இன்னும் வளர்வாய்,
அதற்கு விட்ட இடம்.
சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.
அதை அடைக்க ஏலாதா, என்று கேட்டான்.

பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னான்.
ஆம்பிளை என்று எழுதினால்
வியாழக்கிழமை பஸ்சில் திருப்பி அனுப்புவார்கள்.
பிள்ளை என்று எழுதினால் இங்கேயே,
கட்டில், பள்ளிக்கூடம், நிறப் பென்சில்.
அங்கே வீட்டுக்கு ஒரு ஆள் கொடுக்கவேண்டும்.
என்னைக் காணவில்லையென்றால்
கணக்கு ஐமனிடம் போகும்.
ஐமனுக்கு இன்னும் ஒரு பால்பல் ஆடிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு ஒரு ஆள்.
இதை நான் தமிழில் கேட்டு வளர்ந்தவள்.
எங்கள் படலையில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தபோது
அம்மா எங்கள் இருவர் கையையும் பிடித்திருந்தா.
நிமலண்ணா தன் கையை உருவிக்கொண்டு
ஒரு செருப்பைக் கண்டுபிடித்தான்,
மற்றதைத் தேடிக்கொண்டு நின்றான்.
அவனுக்கு ஒருவரும் எக்ஸ்றே எடுக்கவில்லை.
துவக்கைப் பக்கத்தில் நிமிர்த்திப் பார்த்தார்கள்.
அவன் அதைவிட உயரம்.
அது போதுமாயிருந்தது.

நான் படிக்கப் போனேன்.
படித்தது இதைத்தான்.

இந்த இயந்திரத்தில் ஒரு குமிழ் உண்டு.
திருப்பினால் கறுப்பு சாம்பலாகும்,
சாம்பல் வெள்ளையாகும்,
கோடு இருந்த இடம் தெரியாது.
என் விரல் அதன் மேல் இருந்தது,
எவ்வளவு நேரமென்று சொல்லத் தெரியவில்லை.
வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்:
அருவிப் பாறையில் வழுக்கித் தோள் விலகின ஒருவர்,
துபாயிலிருந்து வந்தவர், அவசரமாம்.

படத்தை உள்ளபடியே அனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை.
அங்கியைத் தானே கழற்றி,
மூன்று விரலால் விளிம்பு பிடித்து,
சீருடை மடிக்கிற மாதிரி மடித்து வைத்தான்.
அதை மடிக்கக்கூடாது, உள்ளே ஈயம் வெடிக்கும்.
நான் சொல்லவில்லை.

படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம்.
வழமையாக வெறுமையாய் விடுவேன்.
இன்று எழுதினேன்:
தம்பி ஒருவன் உண்டு. பெயர் ஐமன்.
வயது பதினொன்று.
படம் எடுக்கப்படவில்லை.