கைகட்டி நிற்கும் வேலை

வார்டோவில் ஜனவரித் தொடக்கம்.
காலை பதினொன்றுக்கும் கைவிளக்கு அடித்துத்தான்
கதவின் சாவித்துளை தெரிகிறது.

ஹால்டிஸுக்கு அறுபத்தொன்று.
இருபது வருடம் பனியில் பேருந்து ஓட்டியவள்.
பக்கவாதம் வந்து போனபின்
அவளுடைய வலது கை
வாடகைக்கு வந்தவர் போல நடந்துகொள்கிறது.

என்ன வேண்டும் என்று படிவத்தில் ஒரு கேள்வி.
நடக்க வேண்டும் என்பாள் என நினைத்தேன்.
'காபி. நானே போட்டது' என்றாள்.

கைகட்டி வேடிக்கை பார்க்க
நகராட்சி எனக்குச் சம்பளம் தருகிறது.
சொன்னால் என் அண்ணன் சிரிப்பான்.

டப்பா மூடி திறக்க ஒன்பது நிமிடம்.
கரண்டி விழுந்தது. தூள் சிந்தியது.
அப்போது அவள் சொன்ன வார்த்தையை
அறிக்கையில் நான் எழுதவில்லை.

கதவோரம் அவள் கணவர் சிக்வார்ட்
பாய்ந்து பிடிக்கப் பாதி எழுந்து
மறுபடி உட்கார்ந்து
உள்ளங்கை இரண்டையும்
தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.
அவருக்கும் இது பயிற்சிதான்.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு செவ்வாய்.
அடுப்புச் சுவரில் வெயில்.
வலது கை குவளையைப் பிடிக்க
இடது கை வலது கையைப் பிடிக்க
முக்கால் குவளை மேசைக்கு வந்தது;
கால் குவளை வழியிலேயே தங்கிவிட்டது.

சிக்வார்ட் குடித்தார்.
'கசக்குது' என்றார்.
பொய் சொல்ல வராத மனிதர்.

'நாளைக்குத் தூளைக் குறைக்கிறேன்'
என்றபடி துடைக்கும் துணியைத் தேடினாள்.

துணி இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.
அந்தப் பக்கம் பார்க்காமல்
சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.