இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று

வாக்குப்பெட்டி என்று என்னிடம் தந்தது
பிஸ்கட் வந்த தகர டப்பா.
மூடியில் கத்தியால் ஒரு கீறல்.
விரலை அறுக்காதிருக்க
விளிம்பில் பிளாஸ்திரி ஒட்டினேன்.

சாசனத்தைத் திருத்தத் தலைநகரில் பேரவை கூடுகிறது.
எங்கள் பவளத்தீவுக்கு ஓர் ஆள்.
பட்டியலில் அறுபத்தொரு பெயர்;
இரண்டு பேர் அது அச்சாகும் முன்பே போய்விட்டார்கள்.
பதின்மூன்று பேர் ஆர்கன்சாவில்,
கோழி ஆலையில், இரவு முறை.
மீதி நாற்பத்தாறு பேரும் வந்தார்கள்,
ஈரக்காலோடு, மீன்வாடையோடு.
லிமோஜ் மட்டும் இருமுறை வந்தாள்,
முதல்முறை பேனா எழுதவில்லையாம்.

வானொலிக் கருவி பார்க்கும் பிராம்
கொப்பரை எடைபோடும் நெய்ஜோன்
இருவருக்கும்தான் போட்டி.
"கோழி வெட்டப் போனவனும் நம்மவன்தான்,
அதை எழுதிவைத்து வருகிறேன்" என்றான் அவன்.
"நாட்டின் எல்லையை வற்றுநீர்க் கோட்டிலிருந்து
அளக்கிறார்கள்.
கோடு உள்ளே வந்தால் நாடும் உள்ளே வருமா?
கேட்டு வருகிறேன்" என்றாள் அவள்.
பிரசாரம் அவ்வளவுதான்.

சூரியவிளக்கின் கீழ்
ஒவ்வொரு சீட்டாய் உரக்கப் படித்தேன்.
பிள்ளைகள் கூழாங்கல் அடுக்கினார்கள்.
இருபத்து மூன்று. இருபத்து மூன்று.
யாரும் எழுந்து போகவில்லை,
நாய்கூட.

தபால் வாக்கு வரட்டும் என்றது சட்டம்.
கப்பல் வரப் பத்தொன்பது நாள்.
மோட்டார் அவனுடையது, பெட்ரோல் அவளுடையது;
மீன்பிடிக்க ஒரே படகில் போனார்கள்.
ஆர்கன்சாவோடு பேசும் கருவி அவன் கையில்.
ஒருநாளும் யாரையும் அவன்
யாருக்குப் போட்டாய் என்று கேட்கவில்லை.
எனக்குத் தெரியும், நான் பக்கத்திலேயே இருந்தேன்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

பதின்மூன்று உறைகளில் ஐந்துதான் வந்தன.
இரண்டு அவனுக்கு. இரண்டு அவளுக்கு.
ஐந்தாவதில் குறி எதுவும் இல்லை,
சீட்டுக்குள் மடித்த இருபது டாலர்:
*யார் போனாலும், கப்பல் கூலிக்கு.*
செல்லாத வாக்கு ஒன்று, என்று பதிந்தேன்.
பணத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
விதிப் புத்தகத்தில் இல்லை.

டப்பாவில் இரண்டு சோழி போட்டுக் குலுக்கினேன்.
லிமோஜின் பேத்தி கைவிட்டு எடுத்தது
வெள்ளை. நெய்ஜோன்.

கூலி பதினாறு டாலர்.
மீதி நாலு டாலரைச் சில்லறையாக வாங்கி
"இது ஊர்ப்பணம்" என்று என் கையில் வைத்துவிட்டு
ஏணியில் ஏறினாள்.
அவள் பையைத் தூக்கிக் கொடுத்தவன் பிராம்.
"நம்மவன் என்ற சொல்லை மறந்துவிடாதே" என்றான்.
"நீ கோட்டைப் பார்த்துக்கொள்" என்றாள்.

அடுத்த கப்பலில் வந்தன
பிந்திப்போன எட்டு உறைகள்.
திறக்கக் கூடாது.
சில்லறையோடு டப்பாவில் போட்டு மூடி
என் கட்டிலுக்கடியில் வைத்தேன்.

ஒரு மாலை பிராம் வந்தான்.
காற்றைப் பற்றி, டீசலைப் பற்றிப் பேசினான்.
போகும்போது குனிந்து டப்பாவை எடுத்து
காதோரம் வைத்து
ஒருமுறை குலுக்கிப் பார்த்தான்.

காசுச் சத்தம் மட்டும் கேட்டது.