கன்டினியூட்டி நோட்டு

திகந்த ஹாதிபருவா என்று தேடினால்
நாலு படம், ஒரு விருது, இறந்த தேதி.
கானாபாரா கால்நடைத் துறைக்காக
கோழிக் கழிச்சலைப் பற்றி எடுத்த
பதினோரு நிமிடம் அதில் வராது.
நான் சேர்ந்தது அதில்தான்.
முதல் ஷாட்டில் செத்த கோழி
மூன்றாவதில் மேயாமல் பார்த்துக்கொள்கிற வேலை.

குவாஹாட்டியில் அப்போது கேமரா கிடையாது.
கொல்கத்தாவிலிருந்து ரயிலில் வரும்,
அதைத் தொடவிடாத ஓர் ஆளோடு.
முதல் படத்துக்குக் கதை இருந்தது,
பதினாலு டப்பா பிலிம் இருந்தது.
வெள்ளம்தான் இல்லை.

ஆடி முழுக்க மாஜுலிக் கரையில் கிடந்தோம்.
லுயித் நல்ல பிள்ளையாக ஓடியது.
தப்பித்தோம் என்று ஊர் கும்பிட்டது.
இவர் மட்டும் குச்சி நட்டு நட்டு
நீர் ஏறுகிறதா என்று பார்த்தார்.
தின்சுகியா மரக்கடைக்காரர், தயாரிப்பாளர்,
வந்தார், சோறு தின்றார்,
"ஆற்றுக்கும் அட்வான்ஸ் கொடுத்துப் பாரேன்"
என்றுவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் வந்தது.
கேட்டது கிடைத்தவன் முகத்தை அன்று பார்த்தேன்.
இன்னொரு முறை பார்க்க வேண்டாம்.

மோனேஸ்வர் பெகுவின் வீடு
மூங்கில் கால்களில் நின்றது.
பன்றிகளைத் தோணியில் ஏற்றினார்.
தறியைப் பிரித்து மனைவி ஏற்றினாள்.
கடைசியில் தனியாக ஏணியேறி
கதவைச் சாத்திக் கட்டிவிட்டு வந்தார்.
போகப்போகிற வீட்டுக்குக் கதவெதற்கு என்று
யாரும் கேட்கவில்லை.
எழுதினேன்:
ஷாட் 61. கதவு சாத்தியது. கயிறு, இரட்டை முடிச்சு.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.
பிலிம் மாற்ற ஏழு நிமிடம்.
அதில் அவர் எங்கே போனார், கவனிக்கவில்லை.
திரும்பியபோது மார்பு வரை ஈரம்.

ஒரே டேக்.
முதலில் ஒரு கால் மடங்கியது, மாடு படுப்பதுபோல.
அப்புறம் கூரை.
திறந்த கதவு வழியே
ஆறு உள்ளே போனது தெரிந்தது,
அடுப்படி வரைக்கும் உரிமையுள்ள சொந்தக்காரர் மாதிரி.

தில்லியில் அந்தக் கதவைப் பற்றியே பேசினார்கள்.
விடுதலை என்றார் ஒருவர்.
கருப்பை என்றார் கண்ணாடி போட்ட இன்னொருவர்.
தோளில் கமோசாவோடு இவர் குனிந்து சிரித்தார்.
திரும்பும் ரயிலில், கட்டிஹார் தாண்டி,
"நோட்டில் என்ன இருக்கு?"
சொன்னேன்.
"பென்சில்தானே?"
"பென்சில்தான்."
விடியும்வரை இருவரும் தூங்குவதாகக் காட்டிக்கொண்டோம்.

அப்புறம் மூன்று.
பம்பாய்ப் பணத்தில் ஒன்று:
கதாநாயகி ஷில்லாங் முழுக்க ஓடினாள், படம் ஓடவில்லை.
ஒன்று லேபிலேயே பூஞ்சை பிடித்தது.
ஒன்று நல்ல படம்.
யாரும் பார்க்காததால் அப்படிச் சொல்கிறேனோ என்னவோ.

எட்டு வருஷம் கழித்து
புரொஜக்டரைத் தோணியில் ஏற்றிப் போனோம்.
பெகு வேறு மணல்திட்டில் இருந்தார்.
வேட்டியைத் திரையாகக் கட்டி, ஜெனரேட்டர் இரைய,
தன் வீடு விழுவதை
அபாங் குடித்தபடி பார்த்தார்.
பிள்ளைகள் கைதட்டின.
முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.
எழுதுகிறவள் நான்தான் என்று நினைவு அவருக்கு.
"கட்டிட்டுத்தானே வந்தேன்?"

ரீல் சுற்றும் சத்தம் நின்றது.
"தண்ணீர் தள்ளியிருக்கும்" என்றேன்.
"இரட்டை முடிச்சு" என்றார்,
யாரிடமும் இல்லாமல்.
பிறகு எங்களுக்கு மீன் சுட்டுத் தந்தார்.
முள்ளெடுத்துத் தந்தார்.

அதற்கப்புறம் அவர் படம் எடுக்கவில்லை.
காசில்லை என்றார்கள். சர்க்கரை என்றார்கள்.
இரண்டும் உண்மைதான்.

போன மாதம்
ஆவணக் காப்பகத்துப் பையன் ஒருவன் வந்தான்.
நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்தான்.
அறுபத்தொன்றில் ரப்பர் தேய்த்த தடம்,
பாதியில் விட்டது.
என் பையை அவர் எப்போது திறந்தார்,
ஏன் நிறுத்தினார், தெரியவில்லை.
தாள் மட்டும் அங்கே மெலிந்திருக்கிறது.

"இது என்ன வார்த்தை, பாய்தேவ்?" என்றான்.
வெளிச்சம் போதவில்லை.
எழுந்துபோய்
ஜன்னலைத் திறந்தேன்.